நாலு நொடி

முதல் வெட்டு தோளில் விழுந்தது, அண்ணாச்சி. இரண்டாவது வெட்டுக்கு இசக்கிராசு கையைத் தூக்கிவிட்டான். அருவாளுக்குக் கையைக் காட்டினால் என்ன ஆகும்? மூன்று விரல் என் கடைப் படியில் கிடந்தது. நான் ஷட்டரைப் பிடித்து இழுத்தேன். பாதி இறங்கிவிட்டு நின்றுகொண்டது. எண்ணெய் விட்டு ஆறு மாதம் ஆகியிருந்தது, அது என் தப்புதான். ஷட்டருக்கும் படிக்கும் நடுவில் அவனுடைய இரண்டு காலும் தெரிந்தன. ஒன்றில் செருப்பு இருந்தது, ஒன்றில் இல்லை.

"அண்ணே, தெறங்கண்ணே" என்றான்.

கத்தவில்லை. உள்ளே வேலையாக இருக்கிறவனை வாசலில் நின்று கூப்பிடுவார்களே, அப்படிக் கூப்பிட்டான். நான் ஷட்டரின் அடிக்கம்பியில் இரண்டு காலையும் வைத்து ஏறி நின்றேன். இறங்கிவிட்டது.

ஏன் அடைத்தாய் என்று ஊரில் கேட்காத ஆள் இல்லை. உள்ளே அறுபத்து மூன்று கல்யாணம் இருந்தது அண்ணாச்சி. ஒரே டிஸ்க்கில். அறுபத்து மூன்று வீட்டுத் தாலிகட்டு, அதில் பதினொன்று இன்னும் ஒப்படைக்காதது. அருவாளோடு நாலு பேர் உள்ளே வந்தால் கம்ப்யூட்டர் மிஞ்சுமா? ஒரு ஆளைப் பார்ப்பதா, அறுபத்து மூன்று குடும்பத்தைப் பார்ப்பதா? நீங்களே சொல்லுங்கள்.

வெளியே ஏழெட்டு தடவை சத்தம் வந்தது. விறகு பிளக்கிற மாதிரி இருக்கும் என்று நினைப்பீர்கள். இல்லை. ஈரத்துணியைக் கல்லில் அடிக்கிற மாதிரி இருந்தது. ஒரு வீச்சு தவறி ஷட்டரில் பட்டு உள்பக்கம் புடைத்தது. அந்தப் புடைப்பு இன்னும் அப்படியே இருக்கிறது. தட்டி நேராக்கவில்லை. இருப்பதை மாற்றுவது எனக்குப் பிடிக்காது.

மெதுவாகப் பேச வேண்டுமா? கண்டக்டர் திரும்பிப் பார்க்கிறாரோ. என்ன செய்ய, தொண்டை அப்படி. கல்யாண மண்டபத்தில் மைக் இல்லாமலே பொண்ணு மாப்பிள்ளையைத் திருப்பி நிற்கவைப்பேன். கடலை எடுத்துக்கொள்ளுங்கள். மானூரில் வாங்கியது, சூடு இன்னும் ஆறவில்லை. நான் கொக்கிரகுளம் கோர்ட்டுக்குப் போகிறேன். மூன்று வருஷம் கழித்து இன்றைக்குத்தான் என் முறை. தவமணி வீடியோஸ், தவமணி, சாட்சி நம்பர் ஏழு.

வெட்டைப் பார்த்த சாட்சியாக மட்டும் கூப்பிடவில்லை. அதற்கு முன்னால் நடந்த கபடிப் போட்டியை வீடியோ எடுத்தவன் நான். அந்த வீடியோவில்தான் எல்லாம் இருக்கிறது. அதில் நான் எதையும் மாற்றவில்லை என்று ஒரு தாளில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். 'எதுவும் சேர்க்கவில்லை, நீக்கவில்லை, திருத்தவில்லை.' இன்றைக்குக் கூண்டில் ஏறி அதை வாயால் சொல்ல வேண்டும். சொல்வேன். உண்மைதானே.

என் தொழிலில் இரண்டு வகை ஆட்கள் உண்டு. ரெண்டர் போடுகிறவர்கள் ஒரு வகை. வந்த படத்தைப் புள்ளி புள்ளியாகப் பிரித்து, திரும்ப அரைத்து, புதிதாகச் சுட்டு எடுப்பார்கள். நிறம் மாறும், முகம் மழுங்கும், ஆறு மணி நேரம் ஆகும். நான் அதைச் செய்வதில்லை. கேமரா கொடுத்தது கொடுத்தபடி. டிபன் கேரியர் பார்த்திருப்பீர்கள். ஒரு அடுக்கில் படம், ஒரு அடுக்கில் சத்தம். அடுக்கி, கம்பியை மாட்டி, மூடிவிடுவேன். எந்தச் சட்டியில் வெந்த சோறோ அதே சோறு. ஆறு நிமிஷத்தில் முடிந்துவிடும். சுத்தமான வேலை. சங்கரன்கோவில் வட்டாரத்தில் இவ்வளவு சுத்தமாகச் செய்கிறவன் வேறு ஒருத்தன் கிடையாது. விசாரித்துப் பாருங்கள்.

என் கேமரா பழையது. தொடர்ந்து எடுத்தால் பதினெட்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை தானாக ஒரு துண்டை மூடி அடுத்த துண்டைத் திறக்கும். அந்த மூடித் திறக்கிற நேரத்தில் அரை நொடி விழுந்துபோகும். அரை நொடி, அண்ணாச்சி. கண் சிமிட்டுகிற நேரம். யாருக்குத் தெரியப்போகிறது? கேமரா பிடிக்கிற சத்தம் கரகரவென்று இருக்கும். அதனால் தனியாக ஒரு ரெக்கார்டர் வைத்திருக்கிறேன். அது நிற்காது, மூடாது, ஒரே ஓட்டம். மைக்கை ட்ரைபாட் காலில் கட்டிவிடுவேன். கடைசியில் கேமராவின் சத்தத்தை ஒதுக்கிவிட்டு, துண்டுகளை வரிசையாகச் சேர்த்து, ரெக்கார்டர் சத்தத்தைப் பக்கத்தில் வைத்து மூடுவேன். முதல் விசில் படத்தோடு சரியாக வருகிறதா என்று பார்ப்பேன். முதல் விசில் சரியாக இருந்தால் எல்லாம் சரி. என் குருநாதர் அப்படித்தான் செய்தார், நானும் அப்படித்தான்.

போட்டி நொச்சிகுளத்தில். சித்திரைக் கோவில் கொடை முடிந்து மூன்றாம் நாள். முதல் ஆட்டத்திலிருந்தே கேமராவை நிறுத்தாமல் ஓடவிட்டிருந்தேன். கடைசி ஆட்டம் நொச்சிகுளத்துக்கும் மேலக்கரைக்கும். இரண்டு ஊருக்கும் நடுவில் ஒரு குளம்தான். ஆனால் ஒருத்தன் வீட்டுத் தண்ணீரை ஒருத்தன் குடிக்கமாட்டான். நொச்சிகுளத்தில் பாடிப் போகிறவன் செல்லத்துரை. நல்ல ஆட்டக்காரன், வாய் கொஞ்சம் நீளம். மேலக்கரைக்கு இசக்கிராசு கேப்டன். மூலையில் நின்று காலைப் பிடிக்கிறவன் வேலாண்டி, பனைமரம் மாதிரி இருப்பான்.

செல்லத்துரை மேல் எனக்கு ஒன்றும் கிடையாது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அதற்கு முந்தின வருஷம் இதே போட்டியில் என் ட்ரைபாடை உதைத்துத் தள்ளினான். "ஓரமா நில்லும்வே, கல்யாண வீட்டுக்கு வந்தவன் மாதிரி குறுக்க குறுக்க நிக்கீரு" என்றான். லென்ஸ் உருண்டு போய் நடுக்கோட்டில் நின்றது. நூறு பேர் சிரித்தார்கள். அவன் குனிந்து எடுத்து, துப்பித் துடைத்து என் கையில் கொடுத்தான். அதற்கும் சிரித்தார்கள். விளையாட்டில் இதெல்லாம் சகஜம். நான் அன்றைக்கே மறந்துவிட்டேன். சித்திரை இருபத்திரண்டு, சாயங்காலம் நாலே முக்கால் மணி.

அதனால் இந்தத் தடவை முன்னேற்பாடாக, நொச்சிகுளத்துப் பக்கத்து எல்லைக்கோட்டுக்குப் பின்னால் நின்றுகொண்டேன். சுற்றிக் கயிறு கட்டிவிட்டேன். கயிற்றுக்குள் ஒரு ஈ காக்கை வரக்கூடாது. நொச்சிகுளத்துக்காரர்கள் முதுகு எனக்கு, மேலக்கரைக்காரர்கள் முகம் எனக்கு. செல்லத்துரை பாடிக்கொண்டே உள்ளே போனான். ஒருத்தனைத் தொட்டான், இரண்டு பேரைத் தொட்டான், திரும்பும்போது வேலாண்டி கணுக்காலைப் பிடித்துவிட்டான். அப்போதுதான் அந்தச் சத்தம் வந்தது.

"கால முறிலே...!"

நாலு நொடி இருக்கும். செல்லத்துரை கையை நீட்டி நடுக்கோட்டுக்கு இழுக்கிறான், வேலாண்டி விடவில்லை, மற்ற ஆட்கள் இன்னும் வந்து விழவில்லை. பிறகு வேலாண்டி செல்லத்துரையின் முழங்காலின் மேல் உட்கார்ந்தான். கால் முன்பக்கமாக மடங்கியது. மனுசன் கால் அப்படி மடங்கி நீங்கள் பார்த்திருக்கமாட்டீர்கள். கொக்குக்குத்தான் அப்படி மடங்கும். பச்சை அகத்திக் கொம்பை ஒடித்த மாதிரி ஒரு சத்தம். எலும்பு தோலைக் கிழித்து வெளியே வந்து மண்ணில் குத்தியது.

அதற்குப் பிறகு நாற்காலிகள் பறந்தன. நடுவர் மண்டை பிளந்தது. ஒருத்தன் கொடிக்கம்பைப் பிடுங்கி ஒருத்தன் வாயில் குத்தினான், பல்லோடு அந்தாண்டை வந்தது. வேலாண்டியை நாலு பேர் போட்டு மிதித்தார்கள். மேலக்கரைப் பையன்கள் குளத்தில் குதித்து நீந்தி ஓடினார்கள். தலை தண்ணீருக்கு மேல் வரும்போதெல்லாம் கல் விழுந்தது. நான் கேமராவை அணைக்கவில்லை. என் பக்கம் ஒரு அடி விழவில்லை. கயிறு கட்டியிருந்தேன் இல்லையா?

அன்றைக்குச் சாயங்காலமே எல்லோரும் கேட்டார்கள், வீடியோ எங்கே, வீடியோ எங்கே என்று. ரெண்டர் போட்டுக்கொண்டிருக்க முடியுமா? பதினொரு துண்டையும் சேர்த்தேன், சத்தத்தை வைத்தேன், முதல் விசில் பார்த்தேன், கச்சிதம். ஆறே நிமிஷம். என் சேனலில் ஏற்றிவிட்டேன்.

கால் முறிந்தது ஒன்பதாவது துண்டில். ஒன்பதாவது துண்டுக்கு முன்னால் எட்டு தடவை கேமரா மூடித் திறந்திருக்கிறது. எட்டு அரை நொடி. எவ்வளவு ஆயிற்று? ஆமாம், நாலு நொடி. படத்தில் நாலு நொடி விழுந்துபோயிற்று, சத்தத்தில் விழவில்லை. அப்படியென்றால் அந்த இடத்தில் படம் முன்னால் போகும், சத்தம் நாலு நொடி பிந்தி வரும். இதெல்லாம் பிறகு யோசித்தது. அன்றைக்கு யார் யோசித்தார்கள்?

படத்தைப் பார்த்தவர்கள் என்ன பார்த்தார்கள்? வேலாண்டி காலைப் பிடித்திருக்கிறான். பின்னால் இசக்கிராசு கையை நீட்டி வாயைத் திறக்கிறான். 'கால முறிலே' என்று வருகிறது. உடனே கால் முறிகிறது. முறிந்த பிறகு நாலு நொடி ஒரு சத்தமும் இல்லை. ஊரே உறைந்துபோய்விட்டது என்று கீழே எழுதினார்கள். அப்புறம் இசக்கிராசு செல்லத்துரையைப் பார்த்து ஓடுகிறான், அப்போது 'விடுலே, விடுலே' என்று கேட்கிறது. 'முறிக்கச் சொல்லிட்டு நடிக்கான் பாரு' என்று எழுதினார்கள். ஒரே ஒருத்தன், மதுரைக்காரனோ யாரோ, 'சவுண்டு லேட்டா வருதே பாஸ்' என்று எழுதினான். தொழில் தெரியாத பயல். அவனை பிளாக் செய்துவிட்டேன்.

செல்லத்துரையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அன்றைக்கு ஆஸ்பத்திரியில் போலீஸ் கேட்டபோது, "யார் சத்தம்னு தெரியல, எங்க ஆளுக நின்ன பக்கம் இருந்து வந்துச்சு" என்றான். மூன்றாம் நாள் அந்தக் காலை முழங்காலுக்கு மேலே வெட்டி எடுத்துவிட்டார்கள். ஐந்தாம் நாள் அவன் அண்ணன் முப்பிடாதி செல்போனில் வீடியோவைக் காட்டினான். பார்த்துவிட்டு, "ஆமா, இசக்கிராசுதான். அவன் குரலேதான்" என்றான். தன் காதால் கேட்டதை விட்டுவிட்டான், பார்த்தீர்களா? அவ்வளவு தெளிவான படம். அதைச் சொல்லும்போது எனக்கே கொஞ்சம் பெருமையாகத்தான் இருக்கிறது.

ஆறாம் நாள் இசக்கிராசு என் கடைக்கு வந்தான். தலையில் துண்டு, முகத்தில் நாலு நாள் தாடி. வந்து நின்றவன் உட்காரவில்லை.

"அண்ணே, நான் அதச் சொல்லல."

"படத்துல ஒன் வாய்தானடே தெறக்கு?"

"வாயத் தெறந்தேன். வேலாண்டியப் பாத்து 'விடுலே'ன்னு சொன்னேன். செல்லத்துரை முழங்கால் ஏற்கெனவே ஆகாதது, எனக்குத் தெரியும். ரெண்டு பேரும் ஒரே பள்ளிக்கூடம்ணே."

"வீடியோ பொய் சொல்லுமாடே?"

"எம்புள்ள தலையில அடிச்சுச் சொல்லுதேன்."

"புள்ள தலைய வச்சு நான் என்ன செய்ய? கம்ப்யூட்டர்ல ஏறாது அது."

கொஞ்சம் சிரிப்பு வந்தது எனக்கு. அவன் சிரிக்கவில்லை. "ஒரு வாட்டி அந்தச் சத்தத்த மட்டும் போடுங்கண்ணே, பெரிய ஸ்பீக்கர்ல" என்றான். போட்டேன். இன்னொரு வாட்டி என்றான். ஏழெட்டு தடவை போட்டிருப்பேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டான். பிறகு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தான்.

"இது ஆட்டக்காரன் கத்தது இல்லண்ணே. மூச்சு வாங்கல. மைக்குக்குப் பக்கத்துல நின்னு கத்துனது. இந்த 'லே'ய இழுக்கத நான் எங்கயோ கேட்டிருக்கேன்."

"எங்க கேட்ட?"

"பேசுங்கண்ணே."

"என்னத்தப் பேச?"

"சும்மா ஏதாவது பேசுங்க. பேசிக்கிட்டே இருங்க."

பாவம். பயம். ஊருக்குள் தலைகாட்ட முடியாமல் இருந்தவன், யாராவது ஒருத்தர் பேசிக்கொண்டிருந்தால் போதும் என்று இருந்திருக்கும். நான் என்னத்தைப் பேச? "நாளைக்கு நாலு மணிக்கு வாடே. ஒரிஜினல் கேமரா கார்டைத் தேடி எடுத்து வைக்கேன். அதுல கேமரா பிடிச்ச சத்தம் இருக்கும். படமும் சத்தமும் ஒண்ணாப் பிறந்தது. கேட்டுக்கோ" என்றேன். அவனுக்கு அப்போதே கொடுத்திருக்கலாம் என்கிறீர்களா? கார்டு மேசை டிராயரில்தான் இருந்தது. கேட்ட உடனே நீட்டினால் தொழிலுக்கு ஒரு மரியாதை வேண்டாமா? அவன் படி இறங்கும்போது திரும்பி, "அண்ணே, அன்னைக்கு ஒங்க கயித்துக்குள்ள வேற யாரும் நின்னாங்களா?" என்று கேட்டான். "ஒருத்தரையும் விடமாட்டேன்டே" என்றேன். அதுவும் உண்மைதான்.

அவன் போய் ஒரு மணி நேரம் இருக்கும், முப்பிடாதி வந்தான். தம்பி கேஸுக்கு வக்கீல் ஒரு பிரதி கேட்டாராம். பென்டிரைவில் போட்டுக் கொடுத்தேன். அவன் வாடிக்கைக்காரன்தான். அவன் கல்யாணமே நான் எடுத்தது.

"அந்தப் பய இங்க வந்தானாம்லா?" என்றான்.

"வந்தான்."

"எதுக்கு?"

"நான் சொல்லலங்கான். ஒரிஜினல் வேணுமாம்."

"எப்ப வருவான்?"

"நாளைக்கு நாலு மணிக்கு."

இவ்வளவுதான் பேச்சு. இசக்கிராசு நாலு மணிக்கு வருகிறான் என்பது உண்மை. முப்பிடாதி கேட்டான் என்பது உண்மை. இரண்டையும் நான் பக்கத்தில் வைத்தேன், வேறென்ன செய்தேன்? ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை. மறுநாள் முப்பிடாதி மூன்றே முக்காலுக்கே எதிர்த்த டீக்கடையில் வந்து உட்கார்ந்துவிட்டான். மூன்று பேர் பைக்கை அணைக்காமல் நின்றார்கள். டீ குடித்தார்கள். எனக்கும் ஒன்று கொடுத்துவிட்டார்கள். குடித்தேன். நாலு மணிக்கு இசக்கிராசு வந்தான். நேரம் தவறமாட்டான். அதற்குப் பிறகு நடந்ததைத்தான் முதலிலேயே சொல்லிவிட்டேனே.

படியை நான்தான் கழுவினேன். ஏழு குடம் தண்ணீர். சிமெண்டுப் படி, குடித்துவிட்டது. இன்றைக்கும் மழை பெய்தால் ஓரத்தில் ஒரு சிவப்பு தெரியும். செருப்பு ஒன்று சாக்கடைப் பக்கம் கிடந்தது, போலீஸ் எடுத்துக்கொண்டு போனார்கள். கம்ப்யூட்டரையும் எடுத்துக்கொண்டு போனார்கள். அதிலிருக்கிற வீடியோவைக் கேட்டார்கள், கொடுத்தேன். கார்டைக் கேட்கவில்லை. கேட்காததை எப்படிக் கொடுப்பது?

இதோ பாருங்கள். சட்டைப் பையில்தான் வைத்திருக்கிறேன், தாளில் மடித்து. சுண்டுவிரல் நகம் அளவுகூட இல்லை. பதினொரு துண்டும் இதில் இருக்கிறது. அழிக்கவில்லை. மூன்று வருஷத்தில் எத்தனையோ கல்யாணத்துக்குக் கார்டு போதாமல் போயிருக்கிறது, இதை மட்டும் தொடவில்லை. ஒரிஜினலை அழிக்கிறவன் வீடியோக்காரனே இல்லை. என் வாழ்க்கையில் ஒரு கோப்பை நான் அழித்தது கிடையாது.

கேட்டுப் பார்த்தேனா என்றா? பார்த்தேன். ஒரே ஒரு தடவை. இசக்கிராசு பொண்டாட்டி வந்துவிட்டுப் போன அன்றைக்கு.

அவள் பெயர் சுடலைவடிவு. பீடி சுற்றுகிறவள். மேலக்கரையிலேயே இப்போது அவளோடு பேச ஆள் இல்லை. 'ஒம் புருசன் வாயாலதான எங்க புள்ளைக பதினாலு பேரு ஜெயிலுக்குப் போனானுவ' என்கிறார்களாம். பள்ளிக்கூடத்தில் பையனுக்குப் பெயரே 'காலுமுறிச்சான் மவன்'. கடைக்கு வந்தவள் அந்தப் படியை மிதிக்கவில்லை. கீழேயே நின்றாள். தெருவில் நின்றபடியே பேசினாள்.

"அவரத் திருப்பித் தாங்கன்னு கேக்கல. அந்த வார்த்தைய அவரு வாயில இருந்து எடுத்துருங்க. அது போதும்."

"எடுக்க முடியாதும்மா. எடுத்தா அது மாத்துனதா ஆயிரும்."

"அவரு சொல்லல."

"கோர்ட்டு சொல்லட்டும்மா."

"கோர்ட்டுல நீங்கதான சொல்லணும்?" என்றாள். "முப்பிடாதி வக்கீலு, அந்த வார்த்தையக் கேட்டுத்தான் ஆத்தாமையில வெட்டிட்டான்னு பேசுதாரு. வெட்டுனவன் வெளிய வந்துருவான்ணே. நாஞ் செத்தாலும் இந்த வார்த்தை எம்புள்ளய விட்டுப் போகாது."

அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு ஏதாவது சொல்லத் தோன்றியிருக்கும். நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டாள்.

அன்றைக்கு மத்தியானம் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு ஒன்பதாவது துண்டைத் தனியாகப் போட்டேன். கேமராவின் சத்தத்தோடு. கரகரப்புத்தான், ஆனால் கேட்கிறது. இசக்கிராசு கையை நீட்டி வாயைத் திறக்கிறான். 'விடுலே, விடுலே' என்று வருகிறது. பூட்டில் சாவி போட்ட மாதிரி அப்படியே உட்காருகிறது. உதடு கூடுகிற இடம், பிரிகிற இடம், எல்லாம். பையன் பொய் சொல்லவில்லை. அதை நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன், கேட்டால்.

மற்றது அதற்கு நாலு நொடி முந்தி வருகிறது. 'கால முறிலே.' அந்த இடத்தில் நிறுத்தி, மேலக்கரைக்காரர்கள் முகம் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எல்லா வாயும் மூடியிருக்கிறது. இந்தப் பக்கம் நொச்சிகுளத்துக்காரர்கள் முதுகு. தங்கள் ஆள் காலையா முறிக்கச் சொல்வார்கள்? சத்தம் வந்தவுடன் அதில் ஒருத்தன் மட்டும் தலையைத் திருப்பி நேராகக் கேமராவைப் பார்க்கிறான். கேமராவை என்றால், கேமராவுக்குக் கொஞ்சம் மேலே. ஏன் பார்த்தான் என்று தெரியவில்லை. படமும் அந்த இடத்தில் லேசாக ஆடுகிறது. காற்றாக இருக்கும்.

யார் குரல் என்று கேட்கிறீர்கள். அது படத்தில் இல்லையே அண்ணாச்சி. கேமராவுக்குப் பின்னால் இருக்கிறது எதுவும் படத்தில் வராது. இந்தத் தொழிலில் அது ஒரு குறை.

ஏன் கடலையைக் கீழே வைத்துவிட்டீர்கள்? சாப்பிடுங்கள்.

கூண்டில் என்ன கேட்பார்கள் என்று அரசாங்க வக்கீல் சொல்லிக் கொடுத்திருக்கிறார். இந்த வீடியோவை நீர் எடுத்ததா? ஆமாம். படத்தில் ஒரு புள்ளியாவது மாற்றினீரா? இல்லை. சத்தத்தில் ஏதாவது சேர்த்தீரா? இல்லை. இந்தச் சத்தம் அந்த மைதானத்தில் அந்த நேரத்தில் பதிந்ததுதானா? ஆமாம். நாலு கேள்வி, நாலு பதில். நாலில் ஒன்றாவது பொய்யா? வேறு ஒரிஜினல் இருக்கிறதா என்று கேட்டால்தான் கொஞ்சம் யோசிக்க வேண்டும். இருக்கிறது என்றால் எடு என்பார்கள். எடுத்தால் கேட்பார்கள். கேட்டால், கேமராவில் பதிந்த சத்தத்தில் அந்தக் குரல் இன்னும் பெரிதாக இருக்கிறது, காதுக்குள் கத்தின மாதிரி. நான் கூண்டில் நின்று பேசிக்கொண்டிருக்கும்போதே அதையும் போட்டுக் கேட்பார்கள். இல்லை என்றால் அது பொய். கோர்ட்டில் நின்று பொய் சொல்ல எனக்கு வராது. என் அப்பா அப்படி வளர்க்கவில்லை.

சுடலைவடிவு இன்றைக்கு வந்திருப்பாள். ஒவ்வொரு வாய்தாவுக்கும் வருகிறாள். வேப்பமரத்தடியில் நிற்பாள், பையனையும் கூட்டிக்கொண்டு. என்னைப் பார்த்தால் ஒன்றும் கேட்கமாட்டாள், கையை மட்டும் பார்ப்பாள், எதையாவது கொண்டுவந்திருக்கிறேனா என்று.

ஜங்ஷன் தாண்டிவிட்டது. எனக்கு அடுத்த ஸ்டாப். அட, உங்கள் வேட்டியெல்லாம் கடலைத் தொலி. கீழே தட்டாதீர்கள், கண்டக்டர் சத்தம் போடுவார். இந்தாருங்கள், சட்டைப் பையில் இருந்த இந்தத் தாளில் போடுங்கள். உள்ளே ஒன்றும் இல்லை, போடுங்கள், மேலேயே போடுங்கள். என்னிடம் இருக்கிற தொலியையும் போட்டுவிடுகிறேன். இருங்கள், நன்றாகச் சுருட்டிக் கொடுக்கிறேன்.

ஜன்னல் பக்கம் நீங்கள்தானே இருக்கிறீர்கள். பாலம் வந்துவிட்டது. தண்ணீர் நிறையத்தான் போகிறது. வெளியே எறிந்துவிடுங்கள் அண்ணாச்சி.

கண்டக்டர், கொக்கிரகுளம் ஒண்ணு எறங்கணும்.